பரிசுப் போட்டியும் ஊழியர்தம் உறவினரும்

வாணிக நிறுவனங்கள் நடத்தும் பரிசுப் போட்டிகளை இக்காலத்தில் அறியாதார் இலர். சவர்க்காரக் கட்டியின் மேலுறையிலும், தேயிலைப் பொட்டலத்தின் உட்புறத்தும், ஜவுளிக்கடைச் சீட்டின் பின்புறத்தும், இப்பொழுது கைபேசியின் திரையிலும் அவை நம்மை அழைத்த வண்ணம் இருக்கின்றன. பரிசின் பெயர் தொலைவிலிருந்தே படிக்கத்தக்க எழுத்தில் இருக்கும். நிபந்தனைகளோ எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில் அடியிற் கிடக்கும். அந்நிபந்தனைகளுள் ஒன்றே இக்கட்டுரைக்குப் பொருள். நிறுவனத்தின் ஊழியரும் அவர்தம் உறவினரும் போட்டியிற் கலந்துகொள்ளலாகாது என்பது அது. பெரும்பாலார் அதனைப் படிப்பதில்லை. யாமும் இரண்டாண்டுகளுக்கு முன்னர் வரையில் படித்தவரல்லேம். எம் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்று அதனைப் படிக்க வைத்தது. அதனை முதலிற் கூறிவிட்டுப் பின்னர் எம் கருத்தைக் கூறுதலே நேர்மையாகும். என்னையெனின், இப்பொருளில் யாம் நடுநிலையில் நின்று தொடங்கியவரல்லேம்.

எம் தந்தையார் எங்கள் ஊர் ஜவுளிக்கடை ஒன்றில் சேலைப் பிரிவில் விற்பனையாளராக இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பணியாற்றி வருகின்றார். அக்கடையில் தீபாவளி தொடங்கிக் கிறிஸ்துமஸ் முடியும்வரை ஆயிரம் ரூபாய்க்கு ஒரு கூப்பன் வீதம் கொடுத்து, புத்தாண்டின் முதல் ஞாயிற்றுக்கிழமை குலுக்கல் நடத்துவது வழக்கம். எம் சிற்றன்னையார், அஃதாவது எம் அன்னையாரின் தங்கையார், தம் நாத்தனாரின் திருமணத்திற்காகப் பதினெட்டாயிரம் ரூபாய்க்கு அக்கடையிற் சேலை எடுத்தார். பதினெட்டுக் கூப்பன்களிலும் தம் கையாலேயே பெயரும் முகவரியும் எழுதித் தகரப் பெட்டியில் இட்டார். அப்பெட்டி மாடிப்படியின் கீழே, எம் தந்தையார் சேலை விரிக்கும் மேடைக்கு நாலு முழ தூரத்தில் வைக்கப்பட்டிருந்தது. அக்கடையார் அச்சிட்ட கூப்பனில் உறவினரைப் பற்றிய நிபந்தனை எதுவும் இல்லை. குலுக்கலில் சிற்றன்னையார்க்கு இரண்டாம் பரிசாகிய குளிர்பதனப் பெட்டி விழுந்தது.

பெயரைப் படித்தபோது அவர் யார் என்று ஒருவரும் அறிந்திலர். பரிசை வண்டியில் ஏற்றிய பின்னர், ஓட்டுநர் முகவரியைக் காட்டி வழி கேட்டார். எம் தந்தையார் யாதொரு கள்ளமுமின்றி, "அது நம் கொழுந்தியாள் வீடுதான்; கோயில் தெருவில் இரண்டாவது முடுக்கு," என்று சொல்லிவிட்டார். அன்று மாலைக்குள் கடை முழுவதும் அது பரவிற்று. அவ்வார முடிவிற்குள் ஊரும் அறிந்தது.

எம் தந்தையார் திருடினார் என்று ஒருவரும் கூறவில்லை. கூறியிருந்தால் மறுத்திருக்கலாம், முதலாளியிடம் முறையிட்டுப் பெட்டியைத் திறந்து எண்ணச் சொல்லியிருக்கலாம். அவர்கள் கூறியதெல்லாம் நகைச்சுவையாகவே இருந்தது. சேலை எடுக்க வந்த அம்மையார் ஒருவர், "அண்ணாச்சி, எனக்கும் ஒரு கூப்பனை உங்கள் கையால் போட்டு விடுங்கள், கைராசி உள்ளவராயிற்றே," என்றார். உடன் வேலை செய்யும் இளைஞர், அடுத்த ஆண்டு முதற்பரிசு எந்தத் தெருவிற்குப் போகும் என்று கேட்டுச் சிரித்தார். இவற்றிற்கு மறுமொழி யாது? சிரிப்பதன்றி வேறில்லை. எம் தந்தையாரும் சிரித்தார். வீட்டிற்கு வந்தபின் உண்ணவில்லை.

ஒரு திங்கள் கழித்து அவர் சிற்றன்னையார் வீட்டிற்குச் சென்று, அப்பரிசைத் திருப்பிக் கொடுத்துவிடல் நன்று என்றார். சிற்றன்னையார் கூறிய விடையை யாம் அருகிருந்து கேட்டோம். "அத்தான், பதினெட்டாயிரம் ரூபாய் எண்ணிக் கொடுத்தவள் நான். சீட்டில் பெயர் எழுதியவள் நான். திருப்பிக் கொடுத்தால், திருடினோம் என்று நாமே ஒத்துக்கொண்டது போல ஆகாதா? நீங்கள் அந்தக் கடையில் வேலை பார்ப்பது நான் செய்த குற்றமா?" எம் தந்தையார் எழுந்து வந்துவிட்டார். வரும் வழியில் யாம் சிற்றன்னையார் சொன்னதே நியாயம் என்றோம். அதன்பின் இரண்டு நாள் அவர் எம்முடன் பேசவில்லை.

ஆகவே, உறவினரை விலக்கும் நிபந்தனை பல போட்டிகளில் உண்டென்று பின்னர் அறிந்தபோது எமக்குச் சினமே உண்டாயிற்று. குற்றம் செய்யாதாரைக் குற்றம் செய்யக்கூடியவர் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் நிபந்தனையாக அது தோன்றிற்று. எம் விடுதித் தோழரிடையே இது பற்றி வழக்கெழுந்த ஓரிரவில், விலக்கு வேண்டும் என்ற பொருளாதார மாணவர் ஒருவரை யாம் மிகவும் கடிந்து பேசினோம். அவர் பொறுமையாக எமக்கு அமெரிக்க நாட்டு வழக்கொன்றைப் படிக்கத் தந்தார். எம்மை வெல்லவே அதனைத் தந்தார். ஆனால் முதலில் அஃது எம் கட்சிக்கே துணை செய்வதாகத் தோன்றிற்று.

அவ்வழக்கு மக்டொனால்ட் உணவு நிறுவனத்தின் மோனாபலிப் போட்டியைப் பற்றியது. 1987-ஆம் ஆண்டில் தொடங்கிய அப்போட்டியில், குடிபானக் குவளையிலும் உணவுப் பொட்டலத்திலும் ஒட்டிய சிறு துண்டுகளைப் பிரித்தெடுத்துப் பரிசு பெறுவர். அதனை நடத்திக் கொடுத்தது சைமன் மார்க்கெட்டிங் என்னும் வேறொரு நிறுவனம். பெரும்பரிசுத் துண்டுகளைக் காவலுடன் எடுத்துச் சென்று பொட்டலத் தொழிற்சாலைகளிற் சேர்க்கும் பொறுப்பு, அந்நிறுவனத்தின் பாதுகாப்புத் தலைவராயிருந்த ஜெரோம் ஜேக்கப்சன் என்பாரிடம் இருந்தது. அவர் முன்னாட் காவலர். அத்துண்டுகள் முத்திரையிட்ட உறையில் இருக்கும். கணக்காய்வாளர் ஒருவரும் உடன் செல்வார். எனினும், கணக்காய்வாளர் உடன் வரவொண்ணாத விமான நிலையக் கழிவறையில், உறையைப் பிரித்து வேறு துண்டுகளை இட்டு, தம் கைக்கு வந்துசேர்ந்திருந்த புதிய முத்திரைகளால் மீண்டும் மூடிவிடுவதை அவர் வழக்கமாக்கிக் கொண்டார். 1989-இல் முதன்முதல் திருடிய 25,000 டாலர்ப் பரிசுத் துண்டை அவர் யாருக்குக் கொடுத்தார்? தம் மாற்றாந்தாய் வழிச் சகோதரருக்கு. அங்குத் தொடங்கிய களவு நண்பர், நண்பரின் உறவினர், கூலிக்கு அமர்த்திய அயலார் என விரிந்து 2001 வரை நிகழ்ந்தது. கூட்டரசின் புலனாய்வுத் துறைக்கு 2000-த்தில் ஒரு மறைமுகச் செய்தி எட்டிற்று. 2001 ஆகஸ்டில் தளையிடல் தொடங்கிற்று. களவு போன பரிசுகளின் மதிப்பு 2 கோடியே 40 இலட்சம் டாலருக்கும் மேலாம். ஜேக்கப்சனுக்கு மூன்றாண்டுகளுக்குச் சிறிது மேற்பட்ட சிறைத் தண்டனை கிடைத்தது. இதனிடையே 1995-இல் பத்து இலட்சம் டாலர்ப் பரிசுத் துண்டு ஒன்று மெம்பிஸ் நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனைக்கு அனுப்புநர் பெயரின்றி அஞ்சலில் வந்து சேர்ந்தது. அதுவும் இவர் அனுப்பியதே என்று பின்னர் வெளிப்பட்டது. களவாடிய பொருளைக் கொண்டு தருமம் செய்யும் மனநிலை ஆராய்தற்குரியது. ஆனால் அது வேறொரு கட்டுரைக்குப் பொருள்.

இதனைப் படித்தவுடன் யாம் தோழரை நோக்கி, "கண்டீரா? விதி திருடனைத் தடுத்ததா? சகோதரர் வழி அடைபட்டால் அயலார் வழி திறந்து கொள்கின்றது. உறவினரை விலக்குவதால் நல்லவர் மட்டுமே விலகுவர்," என்றோம். அவர் மற்றொன்றையும் காட்டினார். அது நிறுவனப் போட்டியன்று. அமெரிக்க மாநிலங்களின் லாட்டரி. அயோவா மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட பல மாநில லாட்டரிச் சங்கத்தில் கணிப்பொறிப் பாதுகாப்பை மேற்பார்த்தவர் எட்டி டிப்டன் என்பார். அவர் சீட்டு வாங்கலாகாது என்பது விதி. அவரோ எண்களைத் தேர்ந்தெடுக்கும் பொறியிலேயே, சில குறித்த நாட்களில் வரும் எண்களைத் தாம் முன்னரே அறியும்படி ஒரு சூழ்ச்சியைப் புகுத்திவிட்டார். 2005-இல் கொலராடோ மாநிலத்துப் பரிசொன்று அவர் உடன்பிறந்தாரைச் சேர்ந்தது; அதனையும் நண்பர் ஒருவரை முன்னிறுத்தியே பெற்றனர். 2010 டிசம்பரில் எட்டி டிப்டனே முகத்தை மறைத்துக்கொண்டு கடையொன்றிற் சீட்டு வாங்கினார். அக்கடையின் காமிராவிற் பதிந்த உருவமும் குரலும் அவரைக் காட்டிக் கொடுத்தன. 2017-இல் அவர் குற்றத்தை ஒத்துக்கொண்டு, 25 ஆண்டுகள் வரையிலான சிறைத்தண்டனை பெற்றார். உடன்பிறந்தாரும் தண்டனைக்குத் தப்பவில்லை.

இங்கும் விதி திருடனைத் தடுக்கவில்லை என்றே யாம் வாதிட்டோம். இன்றும் அவ்வாறே கருதுகின்றோம். உறவினரை விலக்கினால் மோசடி ஒழியும் என்று கூறுவார் கூற்று பொருந்தாது. முத்திரையும், கணக்காய்வும், பொறியைக் காவல் செய்வாரையே மற்றொருவர் காவல் செய்தலுமே மோசடியைத் தடுப்பன. அவ்வாறாயின் இந்நிபந்தனை எதற்கு? இவ்வினா எம்மிடம் சில திங்கள் விடையின்றிக் கிடந்தது. விடை கிடைத்த இடம் யாம் எதிர்பாராதது. கல்வெட்டுப் பாடத்தில் உத்தரமேரூர்ச் சாசனத்தைப் படித்தபோது அது கிடைத்தது.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில், முதலாம் பராந்தக சோழனது 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அஃதாவது கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில், பொறிக்கப்பட்ட இரு சாசனங்கள் உள. ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை முறையால் தேர்ந்தெடுத்த விதம் அவற்றிற் கூறப்பட்டுள்ளது. அதனைக் குடியாட்சியின் பழமைக்குச் சான்றாக மேடைகளில் எடுத்துப் பேசுவோர் பலர். அச்சபை பிராமணர் சபை என்பதையும், நிலமும் மனையும் கல்வியும் உடையாரே அதிற் பெயர் எழுதப்பெற்றனர் என்பதையும் அவர்கள் அத்துணை உரக்கக் கூறுவதில்லை. அது நிற்க. எம் கருத்தை ஈர்த்தது குடியாட்சியன்று, குடம்.

30 குடும்புகளாகிய பிரிவுகள் அவ்வூரில் இருந்தன. ஒவ்வொரு குடும்பினின்றும் தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதி, வாயோலை பூட்டிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் இடுவர். சபையார் சிறியார் பெரியாரெல்லாம் கூடியிருப்பர். ஊரிலிருந்த கோயில் நம்பிமார் ஒருவரும் ஒழியாமல் மண்டபத்தில் வந்தமர்வர். அவருள் முதியவர் எழுந்து நின்று, எல்லாரும் காணும்படி குடத்தை உயர எடுப்பார். உள்ளிருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு ஒரு கட்டை எடுப்பித்து, வேறொரு வெறுங்குடத்தில் இட்டுக் குலைத்து, மீண்டும் அச்சிறுவன் கையாலேயே ஓர் ஓலையை வாங்குவர். அதனைப் பெறும் மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையிலே ஏற்றுக்கொள்ள வேண்டும். அவன் படித்தபின் அங்கிருக்கும் நம்பிமார் அனைவரும் அவ்வோலையை வாங்கிப் படிக்க வேண்டும். அதன்பின்னரே பெயர் எழுதப்படும்.

இத்துணையும் எதற்காக? சிறுவனைக் கொண்டு எடுப்பித்தது போதாதா? மத்தியஸ்தனின் விரல்கள் விரிந்திருத்தல் வேண்டுமென்று கல்லிலே வெட்டி வைப்பானேன்? அவன் விரல்களுக்கிடையே வேறோர் ஓலையை மறைத்து வைத்திருக்கக்கூடும் என்பது மட்டும் காரணமன்று என்று யாம் எண்ணுகின்றோம். அவன் நேர்மையாளனாகவே இருக்கலாம். நேர்மையாளன் என்பதை அங்கிருந்தோர் அனைவரும் கண்ணாற் காண வேண்டும். வீடு திரும்பும்போது, பெயர் விழாதவன் மனத்தில் ஒரு சொல்லும் எஞ்சியிருத்தல் கூடாது. குலுக்கலில் வென்றவனுக்கு மெய்ப்பித்தல் தேவையில்லை. அவன் எவ்வாறும் மகிழ்வான். தோற்றவர்க்காகவே விரல்கள் விரிகின்றன. எங்கள் ஊர்க் கடையின் தகரப் பெட்டியில் எத்துணை ஆயிரம் கூப்பன் விழுந்தனவோ யாமறியோம். ஒருவர் வென்றார், ஏனையோர் வெறுங்கையுடன் சென்றனர். அவர்கள் எம் தந்தையாரிடம் நகைச்சுவையாகப் பேசியது தீய குணத்தால் அன்று. அவர்களுக்கு விரல்கள் விரித்துக் காட்டப்படவில்லை.

அச்சாசனத்தில் மற்றொரு பகுதி எம்மை இன்னும் வியப்பித்தது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் இடலாகாது. அவனுடைய உறவினர் பெயரையும் இடலாகாது. உறவினர் என்று பொதுவாகச் சொல்லி விட்டுவிடவில்லை. தாயின் தங்கை தமக்கையரின் மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தாயுடன் பிறந்தவன், தந்தையுடன் பிறந்தவன், தன் உடன்பிறந்தவன், பெண் கொடுத்த மாமன், மனைவியுடன் பிறந்தவன், உடன்பிறந்தாளை மணந்தவன், உடன்பிறந்தாளின் மக்கள், மகளை மணந்தவன், தந்தை, மகன் என ஒவ்வொருவராக எண்ணிக் கூறுகின்றது. தமிழரின் முறைகளை இவ்வாறு வரிசைப்படுத்திய சட்டநூல் வேறு யாம் படித்ததில்லை. படிக்கும்போது எம் குடும்பத்தாரை ஒவ்வொருவராக அவ்வரிசையில் நிறுத்திப் பார்த்தோம்.

இதனை எம் கட்சிக்குச் சான்றாக அப்படியே எடுத்துக்கொள்ளல் நேர்மையாகாது என்பதையும் உணர்கின்றோம். அங்கு விலக்கப்பட்டோர் குற்றவாளியின் உறவினர். கணக்குக் காட்டாதவனுக்குத் தண்டனையாகவும் அவன் கை மறைவாக மீண்டும் உள்ளே நுழையாமற் காவலாகவும் அவ்விதி செய்யப்பட்டது. இங்கு விலக்கப்படுவோர் குற்றமில்லாதாரின் உறவினர். ஆதலால் விதியின் சொல்லை யாம் கடன் வாங்கவில்லை; அதன் முறையை மட்டும் வாங்குகின்றோம். யார் யார் விலகி நிற்க வேண்டும் என்பதை, குடத்தில் ஓலை விழுமுன்னரே, எல்லாரும் படிக்கும்படி, ஒவ்வொரு முறையையும் பெயரிட்டு எழுதிவைத்தல் என்பதே அம்முறை.

எம் சிற்றன்னையாரின் கேள்விக்கு இப்பொழுது விடை சொல்லத் துணிகின்றோம். அவர் குற்றமேதும் செய்யவில்லை. ஆயின் அக்கூப்பனின் அடியில், கடை ஊழியரின் மனைவியுடன் பிறந்தாரும் கலந்துகொள்ளலாகாது என்று ஒரு வரி இருந்திருக்குமானால், அவர் அவ்வரியைப் படித்துச் சிறிது முணுமுணுத்துவிட்டு, கூப்பன்களைக் குழந்தை விளையாடக் கொடுத்திருப்பார். பரிசு கிடைக்காத பல்லாயிரவருள் ஒருவராக, ஒரு குறையுமின்றி இருந்திருப்பார். எம் தந்தையாரும் இரவில் உண்டிருப்பார். விலக்கு என்பது உறவினர் மேல் வைக்கும் ஐயம் என்று யாம் முன்பு சினந்தோம். விலக்கில்லாத இடத்தில்தான் ஐயம் அவர்மேல் விழுகின்றது. அதனைத் துடைக்க ஒரு வழியும் அவர்க்கு இல்லை. பரிசைத் திருப்பிக் கொடுத்தால் ஒத்துக்கொண்டதாகும், வைத்துக்கொண்டால் உறுதிப்படுத்தியதாகும். நிபந்தனையின்றிப் போட்டியை அறிவித்த கடைக்காரரோ இவ்விரண்டிற்கும் வெளியே நிற்கின்றார். பிழை அவருடையது; வருத்தம் எம்முடையது.

ஆயினும் எல்லா நிறுவனமும் எல்லா உறவினரையும் விலக்குக என்று கூறுகின்றோமல்லேம். இங்கேதான் எம் தோழருடன் இன்றும் வேறுபடுகின்றோம். அவர் ஒரு நிறுவனத்திற் கூலி வேலை செய்யும் கடைசித் தொழிலாளியின் உறவினரும் விலகவேண்டும் என்பார். ஒரு தேயிலை நிறுவனம் நாடு முழுவதும் போட்டி நடத்துகின்றது என்று வைத்துக்கொள்வோம். வால்பாறையில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் தம்பி திருநெல்வேலியிற் கடையில் அத்தேயிலையைக் காசு கொடுத்து வாங்குகின்றான். அப்பெண் குலுக்கற் குடத்தைக் கனவிலும் கண்டவளல்லள். அவனை விலக்குவதால் யாருடைய மனம் தெளிவடையும்? அவன் வென்றான் என்று கேட்டால் ஊரார் மகிழ்வர். குடத்தினருகே நிற்போர் யார் என்பதே அளவுகோலாதல் வேண்டும். சீட்டை அச்சிடுவோர், எடுத்துச் செல்வோர், பெட்டியைக் காப்போர், குலுக்குவோர், கணக்கெடுப்போர், போட்டியை வகுத்த விளம்பரக்காரர் ஆகியோர்தம் உறவினர் விலகி நிற்கட்டும். சிறு கடையாயின் கடை முழுவதும் குடத்தினருகேதான் இருக்கின்றது. அங்கே ஊழியர் எல்லாருடைய உறவினரும் விலகுவதே நன்று. பெருநிறுவனமாயின் அவ்வாறன்று.

அடுத்து, உறவினர் என்ற சொல். அமெரிக்கப் போட்டிகளின் விதிகளில் பெரும்பாலும் கணவன் அல்லது மனைவி, பெற்றோர், மக்கள், உடன்பிறந்தார், ஒரே வீட்டில் வாழ்வோர் என்று வரையறுத்திருப்பர். அவர்கள் வாழ்க்கைக்கு அது பொருந்தும். அதனையே நம்மவர் சிலர் மொழிபெயர்த்து, 'நெருங்கிய குடும்பத்தார்' என்று கூப்பனில் அச்சிட்டு விடுகின்றனர். வேறு சிலர் 'உறவினர்' என்ற ஒரே சொல்லோடு நிறுத்திவிடுகின்றனர். முன்னையது நம் நாட்டிற்குப் போதாது; பின்னையது மிகையாயிற்று. எம் சிற்றன்னையார் எம் வீட்டில் வாழ்பவரல்லர். அமெரிக்க வரையறையின்படி அவர் எம் தந்தையாருக்கு உறவினரே அல்லர் எனலாம். எங்கள் ஊராரிடம் அதனைச் சொல்லிப் பாருங்கள்! மறுபுறம், 'உறவினர்' என்று மட்டும் எழுதினால் எங்கள் ஊரிற் பாதிப்பேர் போட்டிக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். கொண்டும் கொடுத்தும் எல்லாரும் எல்லார்க்கும் ஏதேனும் ஒரு முறையில் மாமன் மைத்துனரே. இதனால்தான் உத்தரமேரூரார் வரிசைப்படுத்தி எழுதினர் போலும். மைத்துனனை விட்டால் வழக்கு வரும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர் கல்லில் வெட்ட இயன்றதை இன்று கூப்பனின் பின்புறத்தில் அச்சிட முடியாதா?

நம் நாட்டுச் சட்டங்கள் இதில் நமக்குப் பெரிதும் உதவுமென்று தோன்றவில்லை. குறுக்கெழுத்துப் போட்டி முதலியவற்றிற் பொருள் பெருகி ஓடிய காலத்தில் இயற்றப்பட்ட 1955-ஆம் ஆண்டுப் பரிசுப் போட்டிச் சட்டம், திங்களொன்றில் வழங்கும் பரிசு 1,000 ரூபாயைத் தாண்டலாகாது என்றும், உரிமம் பெறுக என்றும், கணக்கு வைக்க என்றும் கூறுகின்றது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாணிகப் பெருக்கத்திற்காக நடத்தும் போட்டியின் இறுதி முடிவைக் கலந்துகொண்டார்க்கு மறைத்தலை முறையற்ற வாணிகச் செயலாகக் கொள்கின்றது. பெயர்களை வெளியிடுவது இன்றியமையாததே. ஆனால் எங்கள் ஊரிற் பெயர் வெளியானபின் தானே துன்பம் தொடங்கிற்று?

திறமைப் போட்டியைப் பற்றியும் ஒரு சொல். கட்டுரை, ஓவியம், பாட்டு என்னும் இவற்றில் உறவினரை விலக்க வேண்டியதில்லை என்பது எம் கருத்து. பெயரை மறைத்து எண்ணிட்டுத் தாள்களைக் கொடுத்து, நடுவருக்கு உறவுடையார் எழுதியிருந்தால் நடுவர் விலகிக்கொள்ளலே போதும். ஆசிரியரின் மகள் நன்றாக எழுதினாள் என்பதை அவள் தாளே காட்டிவிடும். ஐயுறுவோர் வாங்கிப் படித்துப் பார்க்கலாம். குலுக்கற் சீட்டில் படித்துப் பார்க்க என்ன இருக்கின்றது? பெயரொன்றே இருக்கின்றது. நம் கல்லூரித் தமிழ் மன்றத்தார் வரும் ஆண்டுக் கட்டுரைப் போட்டிக்கு இம்முறையைக் கைக்கொள்வாராக என்று இவ்விடத்தே விண்ணப்பித்துக் கொள்கின்றோம். எம் கட்டுரை சென்ற ஆண்டு பரிசு பெறாமற் போனதற்கும் இவ்விண்ணப்பத்திற்கும் தொடர்பில்லை.

ஊழியர் குடும்பத்தார் வாங்கும் பொருளும் பொருளே. அவர்கள் கொடுக்கும் காசும் காசே. அதனை மறந்து விலக்கு மட்டும் விதிக்கும் நிறுவனம் அவர்களுக்குச் சிறிது கடன்பட்டதாகின்றது. அவர்களுக்கென்று தனியே ஒரு குலுக்கல் வைத்தாலென்ன? எல்லாரும் உறவினராக உள்ள இடத்தில் உறவு பற்றிய பேச்சு எழாது. அல்லது வாங்கிய பொருளின் விலையிற் சிறிது குறைத்துக் கொடுக்கலாம். இதனை எம் தந்தையாரிடம் கூறியபோது, "முதலாளியிடம் நீயே போய்ச் சொல்," என்றார்.

கடந்த தீபாவளிக்கு அக்கடையார் புதிய கூப்பன் அச்சிட்டனர். தகரப் பெட்டியைச் சேலைப் பிரிவிலிருந்து எடுத்துப் பணம் செலுத்துமிடத்திற்கு மாற்றிவிட்டனர். எம் தந்தையாரிடம் ஒருவரும் காரணம் கூறவில்லை, அவரும் கேட்கவில்லை. கூப்பனின் அடியில், 'கடைப் பணியாளர் மற்றும் உறவினர் கலந்துகொள்ள இயலாது' என்று ஒரு வரி சேர்க்கப்பட்டிருந்தது. சிற்றன்னையார் அதனை எம்மிடம் காட்டி, "இதில் நான் உண்டா இல்லையா?" என்று கேட்டார். எம்மால் விடை கூற முடியவில்லை. உத்தரமேரூரார் வரிசையைச் சொன்னோம். அவர் விரல்விட்டு எண்ணிக் கேட்டார். மனைவியுடன் பிறந்தவன் என்ற இடம் வந்ததும் நிறுத்தினார். ஆண்பாலிற் சொன்னதாயினும் அது தம்மையும் சேர்க்கும் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

இவ்வாண்டு அவர் வேறு கடையிற் சேலை எடுத்தார். குளிர்பதனப் பெட்டி அவர் வீட்டு முன்னறையில் இன்றும் இருக்கின்றது, நன்றாகவே ஓடுகின்றது. எம் தந்தையார் இப்பொழுது அவ்வீட்டிற்குப் போக வரத் தொடங்கியுள்ளார். நீர் வேட்கை உண்டானால், அடுக்களைக்குச் சென்று மண்பானையிலிருந்து தாமே மொண்டு குடிக்கின்றார்.